ஒன்பது தட்டும் பதினொரு தட்டும்

எங்கள் மாமாவுக்கு மூடின கைக்குள் இருப்பது தெரியும்.

இப்படித் தொடங்கினால் ஏதோ மந்திரவாதி கதை சொல்லப்போகிறாள் என்று நினைப்பீர்கள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் நினைப்பு. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவுக்கு நேர் இளையவர். புதுப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலுக்கு முகம் காட்டி நிற்கும் எங்கள் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். கரையேறி, வலையை உதறிப் போட்டு, குளித்துச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு வந்து மணலில் உட்கார்ந்தாரென்றால் குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரை மொய்த்துக்கொள்வோம். "அவன் வாய்க்குள்ள ஒரு கடல் கீதுடி, அலை ஓயவே ஓயாது" என்று அம்மா சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே அவளும் ஒரு ஓரமாக வந்து நின்று கேட்பாள்.

மாமாவின் வித்தை இதுதான். ஒரு கையில் ஒற்றைப்படையாகக் கிளிஞ்சல் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையில் இரட்டைப்படையாக. எதில் எது என்று அவருக்குச் சொல்லக்கூடாது. வலது கையில் இருப்பதை இரண்டால் பெருக்கு, இடது கையில் இருப்பதை மூன்றால் பெருக்கு, இரண்டையும் கூட்டு என்பார். கூட்டி வந்த எண்ணைக்கூடச் சொல்ல வேண்டாம், அது ஒற்றையா இரட்டையா என்று மட்டும் சொன்னால் போதும். நான் மணலில் விரலால் எழுதிக் கூட்டி, அதை அவர் எட்டிப் பார்த்துவிடாமல் பாவாடையை விரித்து மூடி உட்கார்ந்துகொண்டு, "ஒத்த" என்பேன்.

"எடது கையில தான் ஒத்த கீது. தொற."

திறந்தால் இடது கையில் ஐந்து கிளிஞ்சல் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"ரெட்ட" என்றால் இடது கையில் இரட்டை. ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. கையைத் துணியால் சுற்றிப் பார்த்தேன். படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையனை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். எங்கிருந்தாலும் மாமா கண்டுபிடித்தார். சித்தியிடம் போய், மாமாவுக்குத் தோலுக்குள்ளே பார்க்கிற கண் இருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னேன். "அந்தக் கண்ண வெச்சிகினு என் வாழ்க்கைக்கு ஒரு வழி பாக்கச் சொல்லேன்" என்றாள் சித்தி.

சித்தியின் வாழ்க்கைக்கு என்ன வழி வேண்டியிருந்தது என்பதை நான் பெரியவர்கள் பேச்சிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்தேன். சித்தி புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கல்பாக்கத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் ஜாகை என்று இருந்த ஒருவர் அங்கே காய்ச்சல் மாத்திரை வாங்க வருவார். காய்ச்சல் இல்லாமலே வருவார். இப்படி அவர் வாங்கிச் சேர்த்த மாத்திரையை வைத்து ஒரு ஆஸ்பத்திரி நடத்தலாம் என்று அப்பா கேலி செய்வார். அந்த மனிதருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா இல்லாத பிள்ளை. அவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய அத்தை. அத்தை சரி என்று சொன்னால் சூரியன் உதிக்கும், வேண்டாம் என்றால் உதிக்காது. அப்படிப்பட்ட வீடு. எங்கள் குப்பத்துப் பெண்ணை எடுக்க அந்த அத்தை நெடுநாள் ஒப்பவே இல்லை. சித்தி வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவரும் அப்படியே. கடைசியில் ஒருநாள் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்து அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சித்தி அழுதாள். சந்தோஷம் வந்தாலும் ஏன் அழுகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "போய் வெளையாடு" என்றாள்.

விளையாடப் போனால் அங்கே மாமா வேறொரு கணக்கோடு உட்கார்ந்திருந்தார். "பதினாறு கானாங்கெளுத்தி. அஞ்சு கூட. எந்தக் கூடையிலயும் ரெட்டப்படையா இருக்கக்கூடாது, எதுவும் காலியா இருக்கக்கூடாது. போட்டுக் காட்டுனா ஆளுக்கொரு கோன் ஐஸ்."

மீனுக்குக் கிளிஞ்சல், கூடைக்குக் கொட்டாங்குச்சி. அந்த விடுமுறை முழுக்க நாங்கள் இதே வேலையாக இருந்தோம். மூன்று, மூன்று, மூன்று, மூன்று என்று போட்டால் மீதி நாலு. ஒன்று, மூன்று, ஐந்து, ஐந்து என்று போட்டால் மீதி இரண்டு. எப்படிப் போட்டாலும் கடைசிக் கொட்டாங்குச்சி கழுத்தறுத்துவிடும். கோன் ஐஸ் கண்ணுக்கு எதிரே உருகிப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த தடவை வந்துவிடும், அடுத்த தடவை வந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருப்பதுதான் அந்தக் கணக்கின் கொடுமை.

நிச்சயதார்த்தம் எங்கள் வலை பின்னும் கூடத்தில் வைத்தார்கள். நான்கு பக்கமும் காற்று வரும், பெரிய தகரக்கூரைக் கூடம். வலைகளையெல்லாம் சுருட்டி ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ஜமுக்காளத்தைப் போர்த்தி, தரையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, வாழைமரம் கட்டி என்னென்னவோ செய்தார்கள். ஆனாலும் கூடம் தன் வாசனையை விட்டுக்கொடுக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் முந்தானையால் முகம் துடைப்பதுபோல மூக்கை மூடிக்கொண்டார்கள். "வேர்க்குது பாவம்" என்று நான் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அத்தையை அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு, கண்ணாடி. அவர் வந்து உட்கார்ந்ததும் அந்த நாற்காலியே கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது அத்தையின் தம்பி, எதைக் கேட்டாலும் "அக்கா சொல்லட்டும்" என்றார். பாயசம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

வரிசைத் தட்டு என்றால் ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும். இது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, அதிரசம், முறுக்கு, மஞ்சள் குங்குமம், கடைசியில் நான் தூக்கி வந்த கற்கண்டு. அவர்கள் பதினொன்று கொண்டுவந்திருந்தார்கள். புடவைத் தட்டு இருந்தது, வளையல் தட்டு இருந்தது, கோபுரம் மாதிரி அடுக்கிய ஆப்பிள் தட்டும் இருந்தது. எங்களுடையது ஒரு பக்கம், அவர்களுடையது எதிர்ப்பக்கம். இரண்டையும் ஜோடி ஜோடியாக வரிசை பிடித்து மாமாதான் தாழ்வான மணைப்பலகைமேல் அடுக்கினார். எங்கள் பக்கம் நாலு ஜோடி போக என் கற்கண்டு தனியே நின்றது. அந்தப் பக்கம் ஐந்து ஜோடி போக ஆப்பிள் தனியே நின்றது. என் தட்டு தனியாக, எடுப்பாக இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் நிச்சயம். பெண் வீட்டார் கையிலிருந்து ஒரு தட்டு அங்கே போய், அவர்கள் கையிலிருந்து ஒரு தட்டு இங்கே வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் மாற்ற முடியாது. ஐயர் பத்திரிகையைப் படித்து முடித்து, மாற்றிக்கோங்கோ என்று கையைக் காட்டினார். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"ஏன் ரெண்டு பக்கமும் எடம் விட்டு வச்சிருக்கிய? ஒண்ணாகப் போற குடும்பம்லா. எல்லாத் தட்டையும் சேத்து வையுங்க."

நல்ல வார்த்தைதானே என்று எல்லாரும் மகிழ்ந்துபோய் இரண்டு வரிசையையும் நடுவில் நகர்த்தினார்கள். அத்தை எழுந்து வந்தார். ஒவ்வொரு தட்டாக விரல் நீட்டி எண்ணினார்.

"இருபது" என்றார். "ரெட்டப்படையால்லா இருக்கு."

எல்லாரும் எழுந்து மணையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இருக்காதே" என்றாள் அம்மா. "எங்குளுது ஒம்போது. நானே எண்ணி அனுப்புனேன்."

"எங்களுதும் பதினொண்ணு. நானும் எண்ணித்தான் வேன்ல ஏத்துனேன்" என்றார் அத்தை. "ஆனா மணையில இருக்கது ரெட்டை. சபையில ரெட்டைய வச்சுத் தட்டு மாத்துனா எப்படிம்மா வெளங்கும்?"

எங்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருத்திக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா பேசறே நீ? மீனு எண்ணி எண்ணி வெரலு தேஞ்சவங்க நாங்கோ. எங்குளுக்குத் தட்டு எண்ணத் தெரியாதுன்றியா?"

"எண்ணத் தெரியாதுன்னு நான் சொல்லலியே. ரெட்டையா இருக்குன்னுதான் சொல்லுதேன். வேணா நீங்களும் எண்ணிப் பாருங்க."

பெரியம்மா எண்ணினாள். இருபது. அந்தப் பக்கத்து வேட்டிக்காரர் ஒருவர் எண்ணினார். இருபது. தனித்தனியே எண்ணினால் ஒன்பதும் பதினொன்றும் சரியாக இருந்தது. சேர்த்தால் ஒற்றையைக் காணோம். ஒரு தட்டை யாரோ திருடிவிட்டார்கள் என்பதுபோல ஆளாளுக்கு மணைக்கு அடியிலும் ஜமுக்காளத்துக்கு அடியிலும் பார்த்தார்கள்.

"சரி, இன்னொரு தட்டு வெச்சிட்டா போச்சு" என்று அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இருபத்தொன்று. எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"இப்ப ஒங்க பக்கம் பத்தாயிருச்சே" என்றார் அத்தை. "பொண்ணு வீட்டுச் சீரு ரெட்டையா வரலாமா? ஒங்க பக்கமும் ஒத்தையா இருக்கணும், எங்க பக்கமும் ஒத்தையா இருக்கணும், மொத்தமும் ஒத்தையா இருக்கணும். மூணும் சரியா வந்தா இப்பவே மாத்திக்கிடுவோம். நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உடனே வேலை தொடங்கியது. எங்கள் பக்கம் இன்னொரு தட்டு ஏற்றினார்கள். பதினொன்றும் பதினொன்றும் இருபத்திரண்டு. அவர்கள் பக்கம் இரண்டு தட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அவர்களுடையது பத்து. அதை எடுத்து இதை வைத்தார்கள், இதை எடுத்து அதை வைத்தார்கள். பதற்றத்தில் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அரைத் தட்டு வச்சா என்ன? அங்கன பாதி, இங்கன பாதி" என்று ஒரு தேங்காய் மூடியைத் தூக்கிக் காட்டினார். அவர் மனைவி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்று, "அத்தே, அது வந்து..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "நீ சும்மா இரு" என்றார் அத்தை. பாவம், தண்ணீர் கேட்கிறார்போல என்று நான் நினைத்தேன்.

சித்தி கூடத்து மூலையில் கட்டின திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையின் கரையைக் கையில் சுருட்டிச் சுருட்டி அது கயிறாகவே ஆகிவிட்டிருந்தது. "இன்னாடி ஆச்சு அங்க?" என்றாள். தட்டு சரியாக வரவில்லை என்றேன். "வராது" என்றாள் சித்தி. "அவங்க வர விடமாட்டாங்க." அவள் கண்ணில் மை கரைந்து இறங்குவதைப் பார்த்தேன். எப்படியாவது நானே இந்தத் தட்டுகளைச் சரிபண்ணிவிட வேண்டும் என்று மணையருகே போய்க் குந்திக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் பழையபடி ஒன்பதும் பதினொன்றுமாகவே விட்டிருந்தார்கள். ஜோடி ஜோடியாக வரிசை. எங்கள் வரிசையில் தனியே நின்ற என் கற்கண்டுத் தட்டும் அவர்கள் வரிசையில் தனியே நின்ற ஆப்பிள் தட்டும் நடுவில் வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தனியே இருந்த இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடி ஆகிவிட்டிருந்தன.

மனசுக்குள் தட்டுகளைக் கூட்டினேன், குறைத்தேன். எங்கள் பக்கம் ஏழாக இருந்தால்? மூன்று ஜோடி, ஒன்று தனி. அவர்கள் பக்கம் நூற்றொன்று இருந்தால்? எத்தனையோ ஜோடி, ஒன்று தனி. ஒற்றை என்றால் ஒன்று தனியே நிற்கும். இந்தப் பக்கம் ஒன்று நிற்கும், அந்தப் பக்கம் ஒன்று நிற்கும். அது இரண்டும் கைகோத்துக்கொள்ளும். இந்தக் கூடத்தில் மட்டும் இல்லை, திருநெல்வேலியிலும் அப்படித்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களிலும் அப்படித்தான். தங்கத் தட்டு வைத்தாலும் அப்படித்தான். ராஜா வந்து உத்தரவு போட்டாலும் வராது. சாமியே வந்து அடுக்கினாலும் வராது.

எனக்குக் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றுவரை உலகத்தில் எதையும் யாராவது பெரியவர்கள் நினைத்தால் மாற்றிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தேன். அழுதால் மாறும், அடித்தால் மாறும், கெஞ்சினால் மாறும். யார் என்ன செய்தாலும் மாறாத ஒன்று எங்கள் வலைக்கூடத்தின் தரையில், வெற்றிலைக்கும் முறுக்குக்கும் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. கடலைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்ததில்லை. இந்தக் கூடத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது காது சுட்டது. அந்தச் சூட்டிலேயே, பதினாறு மீனும் அஞ்சு கூடையில் ஏன் அடங்கவில்லை என்பதும் புரிந்துபோயிற்று. அஞ்சு கூடையிலும் தனியே நிற்கிற அஞ்சில் இரண்டு ஜோடி போக ஒன்று மிஞ்சும், பதினாறில் எதுவும் மிஞ்சாது. மாமா ஒரு கோன் ஐஸுக்கும் காசு எடுத்து வைத்திருக்கவே மாட்டார்!

ஓடிப்போய் மாமாவின் வேட்டியைப் பிடித்தேன். "மாமா, வராது. எப்படி வெச்சாலும் வராது. ரெண்டு ஒத்தயும் ஜோடி சேந்துக்குது."

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அவர் என்னை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "தெரியும்" என்றார் காதோடு. "வாயத் தொறக்காத."

"அவங்களாண்ட சொல்லு மாமா. வராதுன்னு சொல்லிட்டா..."

"வாயத் தொறக்காதன்னேன்ல."

அதற்குள் அப்பாவுக்கும் ஏதோ பிடிபட்டுவிட்டது. "ஏம்மா, அது எப்படிம்மா வரும், ஒத்தயும் ஒத்தயும்..." என்று தொடங்கினார். மாமா நகர்ந்து வந்து அப்பாவின் காலை ஓங்கி மிதித்தார். நான் கண்ணால் பார்த்தேன். அப்பா "ஆ" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அக்கா புருஷன் காலை மிதிக்கிற தைரியம் மாமாவுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பிறகு மாமா செய்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அட பேமானி, மறந்துட்டேனே!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கூடத்தை விட்டு ஓடினார். எங்கள் அம்மன் கோயில் பக்கம் போனார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருநெல்வேலிப் பெண்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மாமா திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. கோயில் தட்டு. இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் விபூதி. அவசரத்தில் கிடைத்ததெல்லாம் அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் அதைத் தூக்கி வந்த தோரணையில் அது யானைமேல் ஏற்றி வரவேண்டிய தட்டு மாதிரி இருந்தது.

"மன்னிச்சிக்கணும்மா" என்று அத்தையின் எதிரே நின்றார். "தப்பு எங்க பேர்ல தான். எங்க குப்பத்துல பொண்ணு குடுத்தா ஊரு ஒரு தட்டு வெக்கும். ஊர்த் தட்டுன்னு பேரு. அது பொண்ணு வூட்டுதும் இல்ல, புள்ள வூட்டுதும் இல்ல. கல்யாண அவசரத்துல அத மறந்துட்டோம். அதான் கணக்கு இடிச்சிது."

குப்பத்துப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த் தட்டு என்ற வார்த்தையை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஊர்த் தலைவர் தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"ஆமா" என்றார் தலைவர், சாமி வந்தவர் குரலில். "எங்கப்பா காலத்துலேர்ந்து கீது."

"அதான பாத்தேன்!" என்றாள் பெரியம்மா. "ஊர்த் தட்டக் காணோமே, இன்னாடா இதுன்னு அப்பத்துலேர்ந்து எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சிகினே இருந்துது."

மாமா தட்டை மணையில் வைத்தார். அத்தை எழுந்து வந்தார். திரும்பவும் எண்ணினார். இந்தத் தடவை எட்ட நின்று விரல் நீட்டவில்லை, குனிந்து ஒவ்வொரு தட்டையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது என்று எங்கள் பக்கம் நிறுத்தினார். பதினொன்று என்று தங்கள் பக்கம் நிறுத்தினார். எலுமிச்சம்பழத்தின்மேல் கையை வைத்து ஒன்று என்றார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. நிமிர்ந்து மாமாவை நெடுநேரம் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் நிற்கிற மாதிரி இருந்தது, வரம் கேட்கிறவர் நிற்கிற மாதிரியும் இருந்தது.

"இருபத்தொண்ணு" என்றார் அத்தை. அவர் கண்ணாடிக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. "நல்ல வழக்கமால்லா இருக்கு ஒங்க ஊர்ல. தட்ட மாத்துங்க. ராகுகாலம் வந்துரப்போகுது."

நாதஸ்வரம் வைக்கவில்லை. ஸ்பீக்கர் செட்டில் பாட்டைப் போட்டார்கள். தட்டு மாறியது.

எனக்கு மாமாமீது கோபமான கோபம். இவ்வளவு பெரிய அதிசயத்தை உலகத்திலேயே முதல் ஆளாக நான் கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சபையில் சொல்லி எல்லாரையும் வாய்பிளக்க வைக்காமல், இல்லாத வழக்கத்தை இருக்கிறது என்று புளுகி முடித்துவிட்டாரே! அன்று சாயங்காலம் அவர் வாங்கித் தந்த கோன் ஐஸை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருக்கவில்லை.

சித்தி கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றாலும் எண்களோடு சிநேகம் நிற்கவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைக்கிற கணக்குப் புத்தகங்களை வாங்கிப் படிப்பேன். மாமாவின் கிளிஞ்சல் வித்தையையும் ஒருநாள் நானே உடைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டால் பெருக்கினால் எதுவும் இரட்டை, மூன்றால் பெருக்கினால் ஒற்றை ஒற்றையாகவும் இரட்டை இரட்டையாகவுமே நிற்கும், ஆகவே வலது கை ஒரு சாட்சிக்குத்தான் நின்றது, பேசினதெல்லாம் இடது கை. உடைத்த பிறகும் அதிசயம் குறையவில்லை என்பதுதான் எனக்கு அதிசயம்.

சித்தியின் மகளுக்குக் காது குத்தினார்கள். அந்த விசேஷத்துக்கு அத்தை வந்திருந்தார். சாப்பாடு முடிந்து, நானும் அவரும் மிஞ்சின மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தோம். பேச்சு வாக்கில் என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டைதான் வரும் என்பதை அன்றைக்கு அந்தக் கூடத்திலேயே கண்டுபிடித்தது நான் ஒருத்திதான் என்றேன்.

அத்தை சிரித்தார். நாரும் பூவும் மடியில் விழச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஏட்டி" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் கணக்கு டீச்சர்லா! ஒத்தையும் ஒத்தையும் ரெட்டைன்னு எத்தன பிள்ளையளுக்குப் போர்டுல எழுதிப் போட்டிருப்பேன். தெரியாமலா கேட்டேன்?"

நான் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தேன்.

"வராதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றார் மெல்ல. "எம் பொண்ணுக்குன்னு நெனச்சு வளத்த பிள்ளை அவன். முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வரல. சரின்னு சொல்லவும் வரல. யாரும் போட முடியாத கணக்கப் போட்டுட்டா அது தானா நின்னுரும், பழி எம்மேல வராதுன்னு நெனச்சேன். வேன்ல வந்த எங்க பய மக்கமாருக்கெல்லாம் தெரியும். ஒங்க சித்தப்பாவுக்குத் தெரியாதா என்ன? சொல்ல வந்தவன நான்தான் அமத்துனேன். வேற ஒருத்தனும் வாயத் தொறக்கல."

"எங்க அப்பா தொறந்தாரு."

"முழுசாச் சொல்லி முடிச்சிருந்தா நான் எந்திரிச்சு வேன்ல ஏறியிருப்பேன்ட்டி. சபையில எனக்கே கணக்குச் சொல்லித் தாரியளான்னு கேட்டிருப்பேன். அப்படி ஒரு சாக்கு கெடைக்காதான்னுதான் உக்காந்திருந்தேன். ஒங்க மாமா அதக் குடுக்கலியே."

அவர் பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே, "தோக்கடிக்கவும் செய்யல, பாத்துக்கோ" என்றார். "வந்த வழியே திரும்பிப் போயிராம, உள்ள வாரதுக்கு ஒரு கதவத் தொறந்து வச்சுட்டுத் தலையக் குனிஞ்சு நின்னாரு அந்த மனுசன். அதத் தாண்டி எப்படிட்டி போறது?"

மாமாவிடம் போய்க் கேட்டேன். "இன்னாது, ஊர்த் தட்டு பொய்யா? யார் சொன்னது? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து கீது" என்று அடித்துச் சொன்னார். ஊர்த் தலைவர் அப்பா காலம் என்றார், இவர் தாத்தன் காலம் என்கிறார். இன்று எங்கள் குப்பத்தில் எந்த நிச்சயமும் ஊர்த் தட்டு இல்லாமல் நடப்பதில்லை. அதன் பழமைக்கு வருஷா வருஷம் ஒரு தலைமுறை கூடிக்கொண்டே போகிறது.

அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அங்கே எத்தனையோ பேருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அத்தை குனிந்து ஒவ்வொரு தட்டாகத் தொட்டு எண்ணியபோது நான் மணைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் கண்ணில் நீர் கோத்ததை எல்லாரையும்விட அருகில் பார்த்தவள் நான்தான். எனக்கு வந்த பிரமிப்பு அவருக்கும் வந்துவிட்டது, இரண்டு தனியும் ஜோடி சேர்வதை அவரும் இப்போதுதான் கண்டுகொண்டார் என்று நினைத்து, அவருக்காக மிகவும் சந்தோஷப்பட்டேன்.